வெள்ளிக்கிழமைக் கயிறு

தங்கராஜு யாரையும் நம்பமாட்டார். மனிதர்களை மட்டுமல்ல, சாமான்களையும்தான். தோட்டத்துப் பம்பு ஸ்டோரில் இஞ்சின் ஓட்டிய காலத்தில் கம்பிரஷன் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கியிருந்தார். அதை எங்கே எடுத்துக்கொண்டு போவதாக இருந்தாலும், முதலில் தன் பழைய மோட்டார் சைக்கிளின் பிளக்கைக் கழற்றி, மீட்டரின் ரப்பர் மூக்கை அந்த ஓட்டையில் வைத்து அழுத்தி, உதைத்துப் பார்ப்பார். முள் வழக்கமாக நிற்கும் இடத்தில் வந்து நின்றால்தான் அன்றைக்கு மீட்டர் யோக்கியன். இல்லாவிட்டால் அதற்கும் திட்டு விழும்.

கல்லுமலைத் தோட்டத்தின் பழைய லய வீட்டு வரிசைகளில் இப்போது ஏழெட்டுக் குடும்பங்கள்தான் மிச்சம். செம்பனைக் குலை வெட்ட வெளிநாட்டுப் பையன்கள் வந்துவிட்டார்கள். நம் ஆட்கள் சிரம்பான் பக்கம் வேலை தேடிப் போய்விட்டார்கள். தங்கராஜுவின் மகளும் அங்கேதான். அப்பா அம்மாவை வந்து கூட இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். மகள் தங்கமான பிள்ளை; மருமகனைத்தான் இன்னும் நம்பலாமா கூடாதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

தோட்டத்துக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவே ஆறு. அதன் மேல் கிடந்த பாலம் போன வருஷ வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது. புதுப்பாலம் வருகிறது, வருகிறது என்றார்கள், மழைதான் வந்தது. சுற்றுவழி ஒன்று உண்டு. செம்பனைக் காட்டுக்குள் போகும் மண்பாதை. மழை பிடித்துவிட்டால் அதில் லாரியே சக்கரம் புதைந்து நிற்கும். ஆகவே தங்கராஜு ஒரு சின்ன போட்டை வாங்கித் துடுப்புப் போட ஆரம்பித்தார்.

அது அவருக்காக இல்லை. அவர் பெண்சாதி மயிலம்மாளுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கோலா பிலாவுக்குப் போய் ரத்தம் கழுவியாக வேண்டும். ஒரு தடவை தவறினால் கால் வீங்கும். இன்னொரு தடவை தவறினால் மூச்சு முட்டும். அதற்கு மேலும் தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லவில்லை. சொல்லாததே போதும்.

வருஷக் கடைசி மழை தொடங்கிய முதல் சனிக்கிழமை, நடு ஆற்றில் தண்ணீர் போட்டைப் பிடித்துக் கீழே இழுத்தது. எழுபத்திரண்டு வயதுத் தோள் எவ்வளவு நேரம்தான் தாங்கும். அக்கரை பிடிக்க முடியாமல் திரும்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தண்ணீர் இறங்கும்வரை மயிலம்மாள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். தூங்கினேன் என்று அவள் சொன்னாள். அவர் அதை நம்பவில்லை.

இனித் துடுப்பு உதவாது, மோட்டார் வேண்டும். அதுவும் நடு ஆற்றில் செத்துப்போகாத மோட்டார்.

நோயாளிகளை ஏற்றி இறக்கும் வேன்காரர்தான் சொன்னார், கோலா பிலா பாசார் பக்கத்தில் நஸ்ருதீன் பாய் சாப்பாட்டுக் கடையில் ஒரு போட்டு மோட்டார் கிடக்கிறது என்று. பாய் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம். ஞாயிற்றுக்கிழமையானால் கடையை மற்றவர்களிடம் விட்டுவிட்டு மீன் பிடிக்கப் போகிற மனிதராம். இப்போது அவர் மனைவி ஹசீனா பேகம்தான் கடையை நடத்துகிறார். பின்கட்டை இடித்துக் கட்டப் போவதால் மோட்டாரை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இருக்கிறார்.

வியாழக்கிழமை மயிலம்மாளை மெஷினில் படுக்கவைத்துவிட்டு, மீட்டரை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தங்கராஜு அந்தக் கடைக்கு நடந்தார்.

பின்கட்டில், அடுப்புக்குப் போகும் கேஸ் தோம்புகளுக்குப் பக்கத்தில், மரச்சட்டத்தில் மாட்டி நிமிர்த்தி வைத்திருந்தது மோட்டார். மேலே பழைய கைலி ஒன்று போர்த்தியிருந்தது. பதினைந்து குதிரைச் சக்தி, டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். மூடியைத் திறந்தால் உள்ளே தூசி இல்லை. அதுவே அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்று வருஷம் கிடந்த சாமானில் தூசி இல்லையென்றால், யாரோ ஆள் வருகிறார் என்று துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஒரு இஞ்சின் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு ஒரே வழிதான் தெரியும். பிஸ்டன் மேலே வரும்போது காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்று அளக்க வேண்டும். இறுக்கம் இல்லாத இஞ்சின் பல் போன வாய் மாதிரி, மென்றுகொண்டே இருக்கும், கடிக்காது. பிளக் இரண்டையும் கழற்றினார். பெட்ரோல் பிடியை முழுக்கத் திருப்பி, சைக்கிள் டியூப்பைக் கிழித்த பட்டையால் கட்டினார். அது மூடிக் கிடந்தால் இஞ்சினுக்குள் காற்று போகாது, முள் பொய் சொல்லும். மீட்டரை இரண்டு கையாலும் ஓட்டையில் அழுத்திப் பிடிக்க வேண்டியிருந்ததால், கயிறு இழுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்.

கடைக்கார அம்மாள் பையனைக் கூப்பிடப் போகிறார் என்று நினைத்தார். ஹசீனா பேகம் முக்காட்டைப் பின்னால் தள்ளி முடிந்துகொண்டு, தானே வந்து கயிற்றைப் பிடித்தார். ஐம்பத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். ஒரு காலை முன்னே வைத்து, தோளிலிருந்து இழுத்தார். வெட்டி இழுக்கவில்லை, முதலில் மெல்ல இழுத்துப் பிடிப்பு கிடைத்ததும் ஒரே வீச்சு. பழகின கை. இதையும் தங்கராஜு மனதில் குறித்துக்கொண்டார். எத்தனை பேருக்கு இப்படி இழுத்துக் காட்டியிருக்கிறாளோ.

முள் ஏறி நூற்றைம்பதில் நின்றது. கீழ் சிலிண்டரும் அதே நூற்றைம்பது.

வேறு ஆளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். இந்த மாதிரி மோட்டார் நூற்றிருபது காட்டினாலே கையெடுத்துக் கும்பிடலாம். பெட்டியிலிருந்து பிரித்த புது இஞ்சின்கூட நூற்றைம்பது காட்டாது. தங்கராஜு ஒரு கம்பியில் துணியைச் சுற்றிப் பிளக் ஓட்டைக்குள் விட்டு எடுத்தார். துணி சொட்டச் சொட்ட வந்தது. எண்ணெய்.

இந்த வித்தை அவருக்குத் தெரியும். தேய்ந்துபோன இஞ்சினுக்குள் எண்ணெய் ஊற்றினால், அது இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டு முள்ளை மேலே தூக்கிவிடும். எண்ணெய் எரிந்து தீரும்வரை ஓடும். அப்புறம் சவம். இப்போதுள்ள மோட்டார் சைக்கிளுக்கு முந்தி வாங்கிய ஒன்றை இப்படித்தான் ஒருவன் அவர் தலையில் கட்டினான். அன்றிலிருந்துதான் மீட்டருக்கே மீட்டர் பார்க்கிற புத்தி வந்தது.

கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, வாசல் மேசை வரைக்கும் கேட்கிற குரலில் பேசினார். எண்ணெய் ஊற்றி விற்கிற வேலையெல்லாம் தன்னிடம் ஆகாது என்றார். ரொட்டி தின்றுகொண்டிருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எண்ணெய் விட்டது உண்மைதான், மவுத்தாவதற்கு முன்னால் அவர் சொல்லிவிட்டுப் போனார், அதனால் விட்டேன் என்று அந்த அம்மாள் சொன்னார்.

"செத்தவரு சாட்சிக்கு வரமாட்டாருன்ற தைரியம்லா" என்றார் தங்கராஜு.

ஹசீனா பேகம் கயிற்றை விட்டார். மூடியைப் போட்டுக் கொக்கியை மாட்டினார். கைலியை எடுத்து ஓரம் சரிபார்த்துப் போர்த்தினார். பிறகு சொன்னார்:

"வேணாம்னா விட்டுருங்கண்ணே. அவுங்களப் பேசாதீங்க. போயிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் திரும்பும்போது ஆறு மறுபடி ஏற ஆரம்பித்திருந்தது. தங்கராஜு பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டார். எதிரே மயிலம்மாள் ஊசி குத்திய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரத்தம் கழுவிய அன்று அவளுக்கு உடம்பு ஓயும், வாய் ஓயாது. காற்று அவர் பக்கமிருந்து வீசியது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"என்னங்க, என்னைய அங்க படுக்க வெச்சிட்டு எங்க போயி எண்ணெ தேச்சிக் குளிச்சீங்க?"

இஞ்சின் எண்ணெய் என்றார் அவர். துடுப்புப் போடுகிறவனிடம் பேச்சுக் கொடுக்காதே என்றும் சொன்னார்.

"இஞ்சின் எண்ணெயா? நல்லெண்ணெங்க இது. அதுலயும் ஒசத்தி."

அவர் குனிந்து சட்டையை முகர்ந்து பார்த்தார். முப்பது வருஷம் டீசல் புகையில் கிடந்த மூக்கு; அதற்குச் சாம்பாரும் சாக்கடையும் ஒன்றுதான். ஒரு வாசமும் வரவில்லை. ஆனால் மயிலம்மாளின் மூக்கைப் பற்றி அவருக்குத் தெரியும். பால் திரிவதைத் திரிவதற்கு முன்னாலேயே சொல்கிற மூக்கு அது. கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், தான் கத்தியது உட்பட. அவள் சிரித்தாள். மூச்சு பிடிக்கும்வரை சிரித்தாள்.

"ஏமாத்துறவன் எவனாச்சும் இஞ்சினுக்கு நல்லெண்ண ஊத்துவானா? அது விக்கிற வெலைக்கு, நானே ஒங்க தலைக்கு ஸ்பூன்ல அளந்துதான் ஊத்துறேன். கருப்பு எண்ண ஊத்துனா ஏமாத்து. இது யாரோ பிரியமா செஞ்ச வேல. அதுகிட்ட போயி வாயாடிட்டு வந்திருக்கீங்க."

தங்கராஜு துடுப்பை அழுத்திப் போட்டார். வீட்டுப் பக்கக் கரையில் கட்டுகிற மரத்தைத் தாண்டி, நாலு பனை தூரம் கீழே போய்த்தான் போட்டு கரை தட்டியது. கயிற்றைப் பிடித்து அங்கிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். சனிக்கிழமை இதைவிடத் தண்ணீர் இருக்கும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலையில் தனியாக ஆற்றைக் கடந்து, அக்கரையில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா பிலா போனார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். ஒன்றும் அமையவில்லை. கடைக்குள் நுழைந்து, நேற்று எந்த மேசைக்காரர்கள் கேட்கக் கத்தினாரோ அந்த மேசைப் பக்கத்திலேயே நின்றார். வேறு ஆட்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். பரவாயில்லை, யாராவது கேட்டால் சரி.

"நேத்து நான் பேசுனது தப்பு தங்கச்சி" என்றார் உரக்க. "அது ஏமாத்துற எண்ண இல்ல. என் பொண்டாட்டி மோந்து பாத்துச் சொன்னா."

ஹசீனா பேகத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பா கோபமா என்று தெரியாத ஒரு முகம் வந்தது. உட்காரச் சொல்லித் தேநீர் போடச் சொன்னார். பிறகு எதிரே உட்கார்ந்து சொன்னார். நஸ்ருதீன் பாய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம், பிள்ளைகளைப் பற்றிக்கூட அதிகம் இல்லையாம். மோட்டாரைச் சும்மா போட்டுவிடாதே, வாரம் ஒருமுறை பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுக் கயிற்றை இழுத்துவிடு என்றாராம். அவரே திரும்பி வந்து ஓட்டப் போகிற நினைப்பில் சொன்ன பேச்சு. அவர் வரவில்லை. இந்த அம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆண்கள் தொழுகைக்குப் போய்க் கடை ஓய்ந்திருக்கும் நேரத்தில், பின்கட்டுக்குப் போய் எண்ணெய் விட்டுக் கயிறு இழுத்திருக்கிறார்.

"எந்த எண்ணென்னு அவுங்க சொல்லலண்ணே. கேக்க எனக்கும் தோணல. எங்களுக்கு எண்ணென்னா அடுப்படிதான். கோழி பொரிக்கிற எண்ணைய விட மனசு வரல. இருக்குறதுல நல்லதா பாத்து விட்டேன்."

தங்கராஜு தேநீரைக் கீழே வைத்தார். பொய் சொல்ல அவருக்கு வராது, அன்றைக்கு ஒருநாள் வந்திருந்தால் தேவலை என்று இருந்தது. நல்லெண்ணெய் இஞ்சினுக்கு ஆகாது என்று சொன்னார். நாளாக நாளாகப் பிசினாகிவிடும். பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் உண்டு, அவை விரிந்து நின்று சிலிண்டரோடு உரசினால்தான் காற்று இறுகும். பிசின் அவற்றைப் பிடித்துக்கொண்டால் இறுகாது. நேற்று மீட்டர் காட்டியது இஞ்சினுடைய பலம் இல்லை, எண்ணெயின் பலம். கழுவிவிட்டுத் திரும்பப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கழுவினார்கள். மண்ணெண்ணெயை ஓட்டை வழியாக ஊற்றி, கயிறு இழுத்து, மோட்டாரைச் சாய்த்து வடித்தபோது, கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று இழை இழையாக இறங்கியது. மூன்று முறை அப்படிச் செய்த பிறகு வெள்ளையாக வந்தது. உலரவிட்டு மீட்டரை வைத்தார். ஹசீனா பேகம் இழுத்தார். மேல் சிலிண்டர் நூற்றுப் பதினைந்து. நல்ல எண். கீழ் சிலிண்டரில் வைத்தார். இழுத்தார். முள் எழுபதுக்கு வந்து, அங்கேயே நின்றது. இன்னும் நாலு இழுப்பு. அசையவில்லை.

எழுபது என்றால் ஒற்றைக்காலில் ஓடுகிற ஆள். ஓடும். மழைத் தண்ணீரை எதிர்த்து ஓடாது.

ஹசீனா பேகத்துக்கு மீட்டர் பார்க்கத் தெரியாது. தங்கராஜுவின் முகத்தைப் பார்த்தார். கயிற்றை இன்னும் விடவில்லை.

"அப்ப நாந்தான் கெடுத்துப்புட்டேனா?"

இந்த இடத்தில் பழைய தங்கராஜு என்ன செய்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டியிருப்பார். இன்றைக்கு அவர் டார்ச் லைட்டை எடுத்துப் பிளக் ஓட்டையில் அடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு டார்ச்சை அந்த அம்மாளிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்.

சிலிண்டர் சுவர் எவர்சில்வர் டம்ளரின் உள்பக்கம் மாதிரி பளபளவென்றிருந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை. ஒரு கீறல் இல்லை.

"அடுப்பு ஆவியில மூணு வருசம் சும்மா கெடந்திருந்தா, இது இந்நேரம் ஒரே கட்டி இரும்பு தங்கச்சி. சம்மட்டியால அடிச்சாலும் சுத்தாது. நீ வாராவாரம் இழுத்ததாலதான் இன்னிக்கும் சுத்துது. ஒட்டிக்கிட்டது ஒரு வளையம். அத ஊறவெச்சி எடுத்துக்கலாம். துருவ எடுக்க முடியுமா?"

அவர் வாழ்நாளில் ஒரே மூச்சில் யாருக்கும் இவ்வளவு நல்ல வார்த்தை சொன்னதில்லை. சொல்லி முடித்ததும் அவருக்கே கூச்சமாகிவிட்டது. மண்ணெண்ணெய் டின்னைத் தேடுகிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

மண்ணெண்ணெயும் கியர் எண்ணெயும் பாதிப் பாதியாகக் கலந்து கீழ் சிலிண்டரில் நிரப்பினார். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். தொழுகை நேரம் வந்தது. கடையில் ஆண்கள் ஒவ்வொருவராகத் தொப்பியைத் தேடி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். அவர் பின்கட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு மோட்டாருக்குக் காவல் மாதிரி உட்கார்ந்தார். ஹசீனா பேகம் சோறும், அவர்கள் ஆணம் என்கிற குழம்பும் கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, மறந்துபோய், வழக்கம்போலக் கயிற்றின் பக்கம் கையை நீட்டினார். இன்னும் ஊறணும் என்றார் தங்கராஜு. அந்த அம்மாள் கையை எடுத்துக்கொண்டு, ஆமாம் என்றார். அவர் சாப்பிட்டார். வெளியே மழை தகரத்தில் கொட்டியது. இந்த மழைதான் அங்கே ஆற்றில் ஏறிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபடி கை கழுவினார். சும்மா இராமல், இஞ்சின் தலையில் இருக்கும் சக்கரத்தைக் கையால் பிடித்து இப்படிக் கொஞ்சம் அப்படிக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டிருந்தார், காயம்பட்ட மூட்டை ஆட்டிப் பார்க்கிற மாதிரி.

சாயங்காலத் தொழுகை முடிந்து ஆட்கள் தேநீருக்கு வந்த நேரத்தில் வடித்தார். கயிறு இழுத்து இழுத்து உள்ளே இருந்த ஈரத்தை எல்லாம் வெளியே துப்பவைத்தார். இந்த முறை எண்ணெயின் பலத்தைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். துணியை உள்ளே விட்டு எடுத்து, காய்ந்து வருகிறதா என்று விரலில் தேய்த்துப் பார்த்து, அப்புறம்தான் மீட்டரை வைத்தார்.

முதல் இழுப்பில் ஐம்பது. இரண்டாவதில் எண்பது. மூன்றாவது இழுப்பில் முள் நூறைத் தொட்டது. "இன்னும்" என்றார். ஹசீனா பேகம் செருப்பை உதறிவிட்டு, காலைத் தரையில் ஊன்றி இழுத்தார். நூற்றைந்து. நூற்றுப் பத்து. அங்கே நின்றது.

மீட்டரை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். நம்பிக்கை இல்லாமல் இல்லை, பழக்கம். நூற்றுப் பத்து.

விலை பேச்சு வெகு சீக்கிரம் முடிந்தது. அந்த அம்மாள் ஒன்று சொல்ல, அவர் அது பத்தாது என்றார். பேரம் அந்தப் பக்கமாக நடந்து கோலா பிலாவில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் மோட்டாரின் பம்பு எரிந்துவிடும், ஆற்றில் வைத்துத்தான் முடுக்க வேண்டும் என்று அவர் சொன்னதால், ஹசீனா பேகம் மோட்டாரைத் தன் சின்னக் காரின் பின்னால் ஏற்றி, கைலியால் சுற்றி, துறை வரைக்கும் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். தங்கராஜு கரையோரமாகவே துடுப்புப் போட்டு மேலே ஏறி, ஒரு வளைவில் தண்ணீர் சற்று அடங்கிய இடமாகப் பார்த்துக் கடந்து வீடு சேர்ந்தார். மோட்டாரைப் போட்டில் பூட்டி முடித்து, பெட்ரோல் குழாயை ஊதிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் படுத்தார்.

சனிக்கிழமை காலையில் ஆறு காபி நிறத்தில் போனது. வேரோடு ஒரு மரம் மிதந்து போனது. மயிலம்மாள் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்திக்கொண்டு போட்டில் உட்கார்ந்தாள். கால் இலேசாக வீங்க ஆரம்பித்திருந்ததை விரிப்புக்குள் மறைத்துக்கொண்டாள். அவர் பார்த்துவிட்டார்.

கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தார். ஒரு செருமல். வெட்டி இழுக்கிறோம் என்று அவருக்கே தெரிந்தது. ஹசீனா பேகம் இழுத்த விதம் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு காலை முன்னே வைத்து, மெல்ல இழுத்துப் பிடிப்பு கிடைத்ததும் தோளிலிருந்து வீசினார். மோட்டார் இருமி, துப்பி, பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கிளம்பி ஆற்றின் மேல் பரவியது.

"தீவாளிக்கு முறுக்கு சுட்ட மாதிரி இருக்கு" என்றாள் மயிலம்மாள், கண்ணை மூடி மூச்சை இழுத்துக்கொண்டு.

நடு ஆற்றில் தண்ணீர் பிடித்தது. அதே இடம், போன வாரம் திரும்பிய இடம். போட்டின் மூக்கு கீழ்ப்பக்கம் திரும்பப் பார்த்தது. தங்கராஜு பிடியை முறுக்கினார். மோட்டார் குரலை உயர்த்தித் தண்ணீரைக் கடித்தது. ஒரு கட்டை வந்தது, விலகிப் போனது. போட்டு நேராகப் போனது. நேராக என்றால் கோடு போட்ட மாதிரி இல்லை, இருந்தாலும் அக்கரை மரம் பெரிதாகிக்கொண்டே வந்தது.

அந்த நேரத்தில் தங்கராஜுவின் மனதில் கும்பிடுகள் வரிசையாக ஓடின. முகம் தெரியாத நஸ்ருதீன் பாய்க்கு ஒன்று. மூன்று வருஷம் வெள்ளி தவறாமல் இழுத்த கைக்கு ஒன்று. எதிரே உட்கார்ந்து புகையை முகர்ந்துகொண்டிருக்கும் மூக்குக்கு ஒன்று. ஒட்டியதை விட்டுக்கொடுத்த வளையத்துக்கும்கூட ஒன்று. கையில் பிடி இருந்ததால் எதையும் கைகூப்பிச் செய்ய முடியவில்லை.

மயிலம்மாளை மெஷினில் படுக்கவைத்தபோது நேரம் தாண்டவில்லை. ஊசியைக் குத்திவிட்டு, எப்படி வந்தீர்கள் என்று நர்ஸ் கேட்டாள். "ஏரோப்ளேன்ல" என்றாள் மயிலம்மாள்.

முடிந்து வெளியே வந்தால் வாசலில் வேனுக்கு முன்னால் ஹசீனா பேகத்தின் கார் நின்றது. துறை வரைக்கும் கொண்டுபோய் விடுகிறேன், ஏறுங்கள் என்றார். சும்மா யாரும் வண்டியில் ஏற்றிக்கொள்ளமாட்டார்கள் என்பது தங்கராஜுவின் வேதம். என்ன விஷயம் என்று நேராகக் கேட்டுவிட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. நான் வெறும் கயித்தத்தான் இழுத்துருக்கேன். அது ஓடி மூணு வருசமாச்சி. ஓடுற சத்தத்த ஒருதடவ கேட்டுட்டுப் போறேன்."

தங்கராஜு மறுபேச்சுப் பேசாமல் ஏறினார். வழியெல்லாம் பெண்கள் இரண்டு பேரும் அவருடைய காது கேட்கவே அவரைப் பற்றிப் பேசினார்கள். மாறி மாறிச் சிரித்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்.

துறையில் மழை தூறியது. ஹசீனா பேகம் குடையை விரித்துக்கொண்டு கரையில் நின்றார். தங்கராஜு மயிலம்மாளைக் கையைப் பிடித்து உட்காரவைத்து, கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. உடனே கிளம்பவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே மெல்ல ஓடவிட்டார். கரையில் அந்த அம்மாள் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். யார் என்ன பேசினாலும் அந்தச் சத்தத்தில் கேட்டிருக்காது.

பிடியை முறுக்கிப் போட்டை எடுத்தார். நேரே அக்கரைக்குப் போகாமல் கரையோரமாக மேலே ஏறினார். கொஞ்ச தூரம் போய் வளைத்து, குடைக்கு முன்னால் இறங்கி வந்தார். மறுபடி மேலே ஏறினார்.

"வீடு அந்தப் பக்கம்ங்க" என்றாள் மயிலம்மாள். "பெட்ரோலு என்ன ஆத்துல ஓடுதா?"

"மோட்டரு சூடாவட்டும். நீ சும்மா இரு புள்ள."

கரையில் குடை அசையவில்லை. தங்கராஜு பிடியை இன்னும் கொஞ்சம் முறுக்கி, இன்னொரு சுற்றுக்குப் போட்டை வளைத்தார்.